பலகை ஏறாத மணி

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கமும் மூடியை வெட்டி எடுத்த தகரப் பீப்பாய்க்குள் பாதி உடம்போடு மாட்டிக்கொண்டேன். எதிர்ப்பக்கம் நின்று என் நாய் மணி கொட்டாவி விட்டது.

பள்ளிக்கூட டீச்சருக்குப் பீப்பாய்க்குள் என்ன வேலை?

மாற்றல்தான். பழவேற்காட்டிலிருந்து ஏரித் தீவு ஒன்றுக்கு. பலகையில் நடந்துதான் படகில் ஏற வேண்டும். போன மாதம் புதுப் பள்ளியைப் பார்க்கப் போனபோது அந்தப் பலகை ஆடி, மணி சேற்றில் விழுந்தது. அதிலிருந்து பலகையைக் கண்டாலே படுத்துவிடுகிறது. தூக்கினால் திமிறி என்னையும் சேர்த்துத் தள்ளுகிறது.

நாயை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள் தெருவில். வீட்டில் இருப்பதே நாங்கள் இருவர்தான்... யாரிடம் விடுவது?

பக்கத்து வீட்டு ரஹீம் பாய், போலீஸ் நாய்களைப் பழக்கி ஓய்வு பெற்றவர். வந்து பார்த்தார்.

"இது பயந்துகினு கீது டீச்சரம்மா. மொதல்ல பலகைய தரையில போடுங்க. ஒசரம்லாம் அப்பால."

மணல்மேல் பலகை. கருவாட்டுத் துண்டைக் காட்டினால் இரண்டு கால் வைக்கும், இறங்கிவிடும். மறுபடியும்... மறுபடியும். படகின் விளிம்பைத் தாண்டிப் பழகுவதற்கு, இரண்டு செங்கல்மேல் ஒரு துடுப்பு.

"குதிக்க வேணாம். காலத் தூக்கி வெச்சா போதும்," என்றார் பாய்.

இருட்டுப் பயம் போனால் பலகைப் பயமும் குறையுமாம்; அதற்குத்தான் பீப்பாய். மணி நுழையவில்லை. "நீங்க பூந்து கூப்பிடுங்க," என்றார். புகுந்தேன். பாய்தான் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்.

பிறகு பலகைக்கு அடியில் செங்கல். அது பழகியதும், ஆடுவதற்கு ஓர் உருட்டுக்கட்டை. பள்ளி விட்டு வந்து தினமும் இதே பாடு. இடுப்பு கழன்றுவிட்டது. ஒருநாள் அலுத்துப்போய், "போதும் பாய், விட்டுடலாம்," என்றேன்.

"நாய் இன்னும் வுடலியே," என்றார். மணி தானாகவே பலகைமேல் நின்றுகொண்டிருந்தது.

இந்த வியாழக்கிழமை புறப்பட்டோம். காற்று. படகு ஆடியது, பலகையும் ஆடியது. நான் முதலில் ஏறித் திரும்பினேன். மணி கரையில் படுத்துவிட்டது. கூப்பிட வாயெடுத்தேன்.

"கூப்பிடாதீங்க," என்றார் பாய், கரையிலிருந்து. "அதுவா வரட்டும்."

படகுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு பொறுமையாக நின்றார். மணி எழுந்தது. ஒரு கால். இன்னொரு கால். நடுப்பலகையில் வயிறு பட அப்படியே பதுங்கிக்கொண்டது. பிறகு மெல்ல ஊர்ந்து, படகுக்குள் என் காலடியில் வந்து விழுந்தது.

பாய் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நியாயமாக நான் துள்ளியிருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது... சில சந்தோஷங்கள் களைப்பின் முகத்தோடுதான் வருகின்றன.