கண்ணாடியில் இல்லாத கறை

வானாய்வுக் கூடத்தில் எல்லோருக்கும் அவள் தூசி அக்காதான். தொலைநோக்கிக் கேமராவின் ஒளி வடிகட்டிக் கண்ணாடிகளை இருபத்திரண்டு வருடமாகத் துடைப்பவள். துடைக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். மூச்சு பட்டால்கூடக் கண்ணாடி கெட்டுவிடுமாம்.

அந்த வேலைக்கே அன்று காலை ஆபத்து வந்தது.

இயக்குநரின் திரையில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவில் கண் கூசும் புள்ளி: ராட்சதக் கருந்துளை ஒன்று வாயுவை விழுங்கும் இடம். சற்றுத் தள்ளி, மங்கலாக ஒரு வளைவு.

“விரல் ரேகைம்மா இது. நடு வெளிச்சம் அதுல பட்டுச் சிதறுது. மூணு மாசப் படமும் வீண்,” என்றார் இயக்குநர். “திங்கட்கிழமையிலேருந்து வேற ஆள் பாத்துப்பாங்க.”

அவள் திரையருகே போய் வளைவை உற்றுப் பார்த்தாள்.

“கறைன்னா அது கண்ணாடியோடதானே சார் இருக்கணும்? கேமராவக் கால் சுத்து திருப்பி இன்னொரு படம் எடுங்க. மண்டலம் திரும்பியும் வளைவு திரையில அதே இடத்துல நின்னா, சாவியக் குடுத்துட்டு நானே போயிடறேன்.”

அன்று இரவு வீட்டில் சாப்பாட்டுத் தட்டை அவள் மூன்றாவது முறை துடைப்பதைக் கணவர் பார்த்தார்.

“போதும்டி, நட்சத்திரம் தெரியப் போகுது.”

சிரிக்கத்தான் நினைத்தாள். பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது.

மறுநாள் காலை புதுப் படத்தில் மண்டலம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதோடு சேர்ந்து வளைவும் சாய்ந்திருந்தது. கறை கண்ணாடியில் இல்லை. அது வானத்தில் இருந்தது.

“அக்கா, இது வாயு!” இளம் ஆய்வாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த நடுப்புள்ளி தன் வீட்டுக்கே உலை வைக்குது. உள்ள விழுந்தது போக, மிச்ச வாயுவ வெளிய விரட்டுது. வாயு போயிட்டா புது நட்சத்திரம் எப்படிப் பிறக்கும்?”

“எங்க வீட்டுக்காரர் குறட்டை மாதிரிதான்,” என்றாள் தூசி அக்கா. “ஒருத்தர் போடற சத்தத்துல வீடே காலியாயிடும்.”

இயக்குநர் தலைகுனிந்து வந்தார். “மன்னிச்சுக்கங்கம்மா. இனிமேலும் இது உங்க பொறுப்புதான்,” என்று அந்த வடிகட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கப் போனார்.

இருபத்திரண்டு வருட வைராக்கியம் அவளை முந்திக்கொண்டது.

“கையுறை போட்டுக்கங்க சார். இப்ப நிஜமாவே ரேகை விழுந்துடும்.”