பத்தொன்பது நிமிடம் கேட்ட தனசிங்

ஆறாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது கையில் கொடுத்த டி.சி.யில் ஒரு வார்த்தை எழுதியிருந்தார்கள். படிப்பு: சுமார். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது. எழுதிய வாத்தியார் இருக்கிறாரா போய்விட்டாரா தெரியாது. அந்த வார்த்தை மேல் எனக்குள்ள கோபம் மட்டும் போகவில்லை. ஃபெயில் என்று எழுதியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். ஃபெயில் என்றால் பேப்பரைப் பிரித்துப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். சுமார் என்றால் இவனையெல்லாம் யார் உட்கார்ந்து பார்ப்பது என்று அர்த்தம்.

அதே வார்த்தையோடு என்னைவிடப் பெரிய சண்டை போட்ட ஒரு மனுஷரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் தனசிங். வயது அறுபத்து மூன்று. கடப்பேரியில் வீடு. ரயில்வேயில் கீமேனாக இருந்து ரிடையர் ஆனவர். கீமேன் என்றால் தினமும் தண்டவாளத்தோடு நடந்துபோய், தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கிற கிளிப் ஒவ்வொன்றும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். கழன்றிருந்தால் சுத்தியலால் அடித்து ஏற்ற வேண்டும். தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர் பக்கம் போய்த் திரும்புவது அவர் பாதை. வெயிலோ மழையோ, முப்பத்திரண்டு வருடம் நடந்தார்.

அதனால் அவர் நடையே வேறு மாதிரி. தார் ரோட்டில் போனாலும் கட்டைக்குக் கட்டை கால் வைப்பது போல ஒரே அளவாகத்தான் எட்டு வைப்பார். அவர் மனைவி ஜெயசீலி அக்கா சொல்வார்: "இவரோட மார்க்கெட் போனா நான் முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. கூட்ஸ் வண்டி மாதிரி ஒரே ஸ்பீடு."

நான் கேம்ப் ரோட்டில் ஆல்வின் நடத்துகிற டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறவன். வேளாங்கண்ணி, திருச்செந்தூர், ஜெருசலேம் என்று ஆட்களை அழைத்துப் போகிற கம்பெனி. சின்ன வயது முதலாளி, கெட்டவர் இல்லை. போன வருடம் அவருக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. தாய்லாந்தில் நடைப் பயணம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி ரயில் போட்டான் இல்லையா, அந்தப் பழைய பாதையில் நாலு கிலோமீட்டர், கைடு வைத்து நடத்துவது. இருபத்திரண்டு பேர், ஐந்து நாள். சாமான் சுமக்க, தண்ணீர் எடுத்து வர ஒரு ஆள் வேண்டும் என்று எனக்கும் பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னார்.

நோட்டீஸ் அடித்து வந்த வாரமே தனசிங் அண்ணன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குள் வந்தார். சர்ச்சில் யாரோ கொடுத்திருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். அதில் செத்துப்போன வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கணக்கு கடைசி எண் வரைக்கும் இருந்தது. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: கூலித் தொழிலாளர்கள் சுமார் ஒரு லட்சம்.

"தம்பி, இந்த சுமாரு யாரு?" என்று ஆல்வினைக் கேட்டார்.

"அது வந்து அங்கிள், மலேயா எஸ்டேட்ல இருந்து புடிச்சிட்டுப் போன நம்ம ஆளுங்க. எக்ஸாக்ட் நம்பர் யாருக்கும் தெரியாது."

"தெரியலயா, எண்ணலயா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்."

"இன்னா ஒண்ணு? லைன்ல ஒரு ஆடு அடிபட்டுக் கெடந்தாக்கூட எந்தக் கம்பத்தாண்டன்னு நான் எழுதணும். இருபத்தெட்டு பை பதினாலுன்னு. சுமாரா அந்தப் பக்கம்னு எழுதினா இன்ஸ்பெக்டரு டைரிய மூஞ்சிலயே கடாசுவாரு. எங்க பெரியப்பா ஆபேல் இந்த சுமாருக்குள்ள கீறாரு தம்பி. அவர வெளிய எடுத்து வை."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆல்வின் நோட்டீஸை வாங்கி மேஜையில் வைத்தார். ஆளை அனுப்பினால் போதும் என்று, "பேரு லிஸ்ட் இருந்தா குடுங்க அங்கிள், கண்டிப்பா சேத்துக்கலாம்" என்றார். அந்த மனுஷரிடம் அப்படி வாய் விட்டிருக்கக் கூடாது.

ஆபேல் கதையைத் தனசிங் அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார். மணிமங்கலத்திலிருந்து மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். அங்கிருந்து ஜப்பான்காரன் லாரியில் ஏற்றி சயாம் லைனுக்குக் கொண்டுபோனான். கூடப் போய்த் தப்பி வந்த ஒருத்தர் மட்டும், ஓடைப் பக்கத்துக் கேம்பில் காலராவில் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னாராம். அவ்வளவுதான் செய்தி. கல்லறைத் திருநாள் அன்று எல்லோரும் அவரவர் குடும்பக் கல்லறையில் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். தனசிங் அண்ணன் வீட்டார் ஒன்றைத் தனியாகக் கல்லறைத் தோட்டத்து மதில் ஓரம் வெறும் மண்ணில் ஏற்றுவார்கள். அப்பா ஏற்றினார், பிறகு இவர். "ஒவ்வொரு வருசமும் காத்துல அணைஞ்சிடும். மறைக்க ஒரு கல்லு இல்ல பாரு" என்றார்.

மூன்று மாதம் அலைந்தார். வேன் சும்மா இருக்கிற நாளில் நானும் ஓட்டிக்கொண்டு போனேன். குன்றத்தூர், படப்பை, கோவிலம்பாக்கம், சர்ச் கோயில் எதையும் விடவில்லை. உங்க வூட்ல யாராவது சயாமுக்குப் போய் வராம இருந்தாங்களா என்று கேட்பார். ஒருத்தர் சொன்னால் எழுத மாட்டார். வேறு ஒருத்தரும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு காகிதம் காட்ட வேண்டும்.

பொழிச்சலூரில் சாவித்ரி என்று ஒரு அம்மா, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவர். வீட்டுக்காரருடைய தாத்தா மலேயாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார் என்றுதான் அந்த வீட்டில் பேச்சு. படத்தைக்கூட மாட்டவில்லை. தனசிங் அண்ணன் விடாமல் கேட்கவே, பத்திரம் வைக்கிற டப்பாவைக் கொட்டினார்கள். எஸ்டேட்டில் கூட இருந்தவர் எழுதிய பழைய கடிதம் வந்தது. சயாமுக்குக் கொண்டுபோன ஆட்களில் உங்கள் ஆள் திரும்பவில்லை என்று அதில் இருந்தது. படிக்கத் தெரியாதவர்கள் பத்திரம் என்று நினைத்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

"எங்க மாமியாரோட அம்மா சாகற வரைக்கும் அவரத் திட்டிக்கினே செத்தாங்க அண்ணா" என்றார் சாவித்ரி அம்மா. பிறகு தனக்கும் ஒரு சீட் போடச் சொன்னார்.

இப்படி முப்பத்தேழு பேர் சேர்ந்தார்கள். பெயர், அப்பா பெயர், ஊர்.

மலேசியாவில் இருக்கிற ஒருவர் அனுப்பிய பழைய வரைபடத்தில் நாங்கள் நடக்கப் போகிற பாதையின் மூன்றாவது கிலோமீட்டரில், ஓடைக்குப் பக்கத்தில், கூலி கேம்ப் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அங்கே கல்லும் இல்லை, போர்டும் இல்லை. அந்த இடத்தில் நின்று முப்பத்தேழு பெயரையும் படிக்க வேண்டும், நெருப்புக் கொளுத்த அங்கே விடமாட்டார்கள் என்பதால் மெழுகுவர்த்தி வேண்டாம், பெயர் போதும் என்றார் தனசிங் அண்ணன். பயணத் திட்டம் முழுக்க அவர்தான் போட்டார். மெதுவாக நடக்கிறவர் முன்னால், வேகமாக நடக்கிறவர் பின்னால். எங்கே தண்ணீர் குடிப்பது, எங்கே செருப்பை உதறிப் போடுவது என்பது வரைக்கும் எழுதினார். ஆல்வினே அசந்துபோனார்.

ஞாயிறு காலையில் பயிற்சி. திருநீர்மலை படி, குன்றத்தூர் மலை என்று நான் வேனில் கொண்டுபோய் இறக்குவேன். ஒரு ஞாயிறு குன்றத்தூர் அடிவாரத்தில் வெயிலில் எல்லோரையும் நிற்கவைத்துப் பெயர்களைப் படிக்கச் சொன்னார். ஒருத்தர் படிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தொம்போது நிமிசம். எழுதிக்கோ தம்பி."

ஆல்வின் தலையில் கை வைத்துக்கொண்டார். "அங்கிள், அவ்ளோ நேரம் முடியாது. மதியத்துக்குள்ள பஸ்ஸுக்கு வரணும், சாப்பாடு சொல்லியாச்சு. அஞ்சு நிமிஷம் தர்றேன். இது டூர் அங்கிள், துக்க வீடு இல்ல."

"சிப்பாய்ங்க கல்லறைல ஒரு மணி நேரம் போட்டுகீறியே, அது இன்னா கல்யாண வூடா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். ஆல்வினுக்கு முகம் சிவந்தது.

"அங்க பாக்கறதுக்கு இருக்கு அங்கிள். இங்க ஒண்ணுமே இல்லியே."

"ஒண்ணும் இல்லாததாலதான் நிக்கச் சொல்றேன்."

சாவித்ரி அம்மா கையைத் தூக்கினார். "தம்பி, எனக்கு சோறு ஆறினாப் பரவால்ல." இன்னும் எட்டுப் பத்துப் பேர் அதையே சொன்னார்கள். ஆல்வின், பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி வேனில் ஏறிக்கொண்டார். திட்டத்தில் பத்தொன்பது என்று எழுதவும் வேண்டியதாயிற்று.

அவர் மசிந்தாரே தவிர, தனசிங் அண்ணன் கால் மசியவில்லை. சர்க்கரை உள்ள உடம்பு. பயிற்சிக்கு என்று வாங்கிய புது ஷூ வலது பெருவிரலைக் கடித்திருக்கிறது. சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லாமல், பஞ்சு வைத்து சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஆறு வாரம் நடந்திருக்கிறார். நாற்றம் வந்த பிறகுதான் ஜெயசீலி அக்காவுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மறுநாளே விரலை எடுத்துவிட்டார்கள். அப்போது விமானத்துக்கு இருபது நாள் இருந்தது.

நான் பார்க்கப் போனபோது அக்கா கொட்டித் தீர்த்தார். "ஊர்ல இருக்கற கிளிப்பெல்லாம் எண்ணத் தெரியுது, சொந்தக் கால்ல இருக்கற விரல எண்ணத் தெரில இவருக்கு!"

"ஒம்போது கீதுடி. சரியா எண்ணிட்டேன்" என்றார் கட்டிலில் கிடந்தபடி.

டாக்டரிடம் குச்சி ஊன்றிக்கொண்டு போகட்டுமா, நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனால் பரவாயில்லையா என்றெல்லாம் கேட்டுப் பார்த்தார். டாக்டர் அசையவில்லை. பாதத்தையே காப்பாற்ற வேண்டிய நிலைமையாம்.

போன திங்கட்கிழமை ஆல்வின் புதுத் திட்டத்தாளைக் கொடுத்தார். மூன்றாவது கிலோமீட்டருக்கு நேராக இப்படி இருந்தது: ஓடை, போட்டோ எடுக்க ஐந்து நிமிடம். நான் கேட்டேன். "அவரே வரல அன்பு. இனிமே யாரு அங்க நின்னு படிக்கப் போறாங்க? எல்லாருக்கும் ஈஸியா இருக்கட்டும்" என்றார். நான் அவரிடம் சம்பளம் வாங்குகிறவன். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராகக் கடப்பேரிக்குப் போனேன்.

தனசிங் அண்ணன் காலைத் தலையணை மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். தாளைப் படித்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அந்த எடத்துல பாதை எவ்ளோ அகலம்?"

"படத்துல பாத்த வரைக்கும் ரெண்டு பக்கமும் பாறை அண்ணா. ஒரு ஆளு போலாம், அவ்ளோதான்."

"நீ எங்க நடக்கற?"

"சாமான் ஆளு. எல்லாருக்கும் முன்னாடி போய்த் தண்ணி வைக்கணும்."

"அப்போ சரியாப் போச்சு." தலையணைக்கு அடியிலிருந்து முப்பத்தேழு பெயரும் எழுதிய நோட்டை எடுத்து என் மடியில் போட்டார். "இத்த சாவித்ரி கைல குடு. அவங்க படிப்பாங்க, மத்தவங்க சொல்லுவாங்க. நீ ஒண்ணும் படிக்க வேணாம். லைன்ல வேலை நடக்கறப்ப பிளாக் எடுப்போம் அன்பு. வேலை முடியற வரைக்கும் எவ்ளோ பெரிய எக்ஸ்பிரஸா இருந்தாலும் வெளியதான் நிக்கணும். டிரைவரு ஆரன் அடிப்பான், கத்துவான். நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்."

"ஆல்வின் சாரு வேலைய விட்டுத் தூக்கிடுவாரு அண்ணா."

"தூக்குவான். நீ நல்லா ஓட்டறவன், வேற வண்டி கெடைக்கும். அவங்களுக்கு வேற நாளு கெடைக்காது."

அக்கா காபி கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். தனசிங் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வியாழக்கிழமை விமானம். நோட்டு என் பையில் இருக்கிறது. கையை விடுவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஓடையாண்ட போனதும் பாதைக்குக் குறுக்கால சாமான எறக்கி வச்சிட்டு, அது மேல நீ உக்காந்துக்கோ. ஆல்வின் கத்தட்டும், கைடு கத்தட்டும். முப்பத்தேழாவது பேரு முடியற வரைக்கும் எழுந்திருக்காத."