சகலை நின்றுகொண்டிருந்த மூன்றாவது ஞாயிறு

கார்களுக்கு பெயிண்ட் அடிக்கும் அவருக்குச் சீட்டாட்டக் கூட்டம் வைத்த பெயர் 'பாத்துடுவோம்'. எதிராளி எவ்வளவு பந்தயச் சில்லுகளைத் தள்ளினாலும், "பாத்துடுவோம்" என்று தானும் தள்ளிவிடுவார். அந்த ஆள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும் அவருக்கு. பார்த்து என்ன ஆயிற்று? போண்டியானதுதான் மிச்சம்.

பட்டறைக்குப் பின்னாலிருந்த அறையில் ஞாயிறு மதியம் போக்கர். காசு சொற்பம்தான், விதி மட்டும் கறார். டீ வருவதற்குள் சில்லு முழுவதையும் இழந்தால் அன்று தோற்றதாகக் கணக்கு. தொடர்ந்து மூன்று வாரம் அப்படித் தோற்றால் நாற்காலி, காத்திருப்பவருக்குப் போய்விடும். அவர் இரண்டு வாரம் தோற்றிருந்தார். காத்திருந்தது வேறு யாருமல்ல, சொந்தச் சகலை. நிற்பவர் டீ வரும்வரை வாயைத் திறக்கக்கூடாது என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வாரம் முழுக்க முகமூடி மாட்டிக்கொண்டு, மெஷின் இரைச்சலில் தனியாக நிற்கிற மனிதர் அவர். நாலு பேரோடு வாய்விட்டுச் சிரிப்பது இந்த மேசையில் மட்டும்தான். அது போய்விடுமோ என்ற பயத்தில் வாரம் முழுக்கத் தூக்கம் பிடிக்கவில்லை. பயந்ததில் ஒரு நன்மை, கொஞ்சம் யோசிக்கவும் செய்தார். கடைசிச் சீட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், எதிராளி முதலிலிருந்து என்னென்ன செய்தான் என்று கோத்துப் பார்க்கவேண்டும் என்பது புரிந்தது.

அன்று அவர் கையில் இரண்டு ராஜா வந்தன. மேசையில் விரித்த பொதுச்சீட்டில் இன்னொரு ராஜா. கூடவே ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் எட்டு. மூன்று ராஜா! அவர் தள்ளினார். எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர் சத்தமில்லாமல் அதே அளவு வைத்தார். வாயில்லாப்பூச்சி அவர்; இத்தனை வருஷத்தில் கையில் சீட்டில்லாமல் உதார் விட்டு யாரும் பார்த்ததில்லை. அடுத்து உதவாத ஒரு கறுப்பு இரண்டு விழுந்தது. மறுபடி தள்ளல், மறுபடி சத்தமில்லாமல் ஈடு. கடைசியாக விழுந்தது ஆர்ட்டின் ஐந்து.

மருந்துக்கடைக்காரர் தன் சில்லு மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

சகலை, மருந்துக்கடைக்காரரின் தோளுக்குப் பின்னால்தான் நின்றார். சீட்டு அவருக்குத் தெரியும். நிமிர்ந்து சகலையின் மூஞ்சியைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் அது கள்ளத்தனம். பெயிண்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

இதுவரை ஈடு மட்டும் கொடுத்து வந்த மனிதர் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்ததும் ஏன் துள்ளுகிறார்? கையில் இன்னும் இரண்டு ஆர்ட்டின் இருக்கவேண்டும். ஐந்தும் ஆர்ட்டின் என்றால் மூன்று ராஜா எம்மாத்திரம்? வழக்கமான வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, ஆட்டத்தை விட்டுக்கொடுத்து ராஜாக்களைக் கவிழ்த்து வைத்தார்.

மிச்சமிருந்த பத்துப் பன்னிரண்டு சில்லுகளை வைத்துக்கொண்டு, வந்த சீட்டையெல்லாம் கவிழ்த்துக் கவிழ்த்து, உயிரைக் கையில் பிடித்தபடி டீ வரும்வரை தாக்குப்பிடித்தார். டீ வந்தது. நாற்காலி தப்பியது.

சகலையின் வாய்ப்பூட்டும் கழன்றது. "கவுத்துட்டீங்களே, சகலை. அவர்கிட்ட ஒண்ணுமே இல்ல. வெறும் ஜாக்கியும் பத்தும். ரெண்டும் கறுப்பு."

மருந்துக்கடைக்காரர் மறுக்கவில்லை. "ஒரு தடவயாவது உதார் விட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு," என்றார், டீயைப் பார்த்தபடி.

மேசை முழுக்க பெயிண்டரைப் பார்த்தது. நெஞ்சு எரிந்தது அவருக்கு. இல்லையென்று சொன்னால் பொய். முதல் சீட்டிலிருந்து கடைசிச் சீட்டுவரை மனசுக்குள் இன்னொரு முறை ஓட்டிப்பார்த்தார்.

"இருக்கட்டும்," என்றார். "இவர் இதே மாதிரி நாளைக்குத் தள்ளுனாலும் நான் கவுக்கத்தான் செய்வேன். பத்துல ஒம்போது தடவ அவர்கிட்ட சீட்டு இருக்கும்."

சகலை அவரை ஏற இறங்கப் பார்த்தார். கிளாஸை வைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"அடுத்த வாரத்திலேருந்து நான் வரல, சகலை," என்றார். "இனிமே நீங்க அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டீங்க."