மீன் அறையில் விழுந்த அடி

ஜீப்ரா மீன்குஞ்சு முட்டையை விட்டு வந்த சில நாட்களிலேயே பார்க்கத் தொடங்கிவிடும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உருளையை அதைச் சுற்றிச் சுழற்றினால், கண்கள் கோட்டோடு நகர்ந்து சட்டென்று திரும்பும். பார்வையில்லாத குஞ்சின் கண் அசையாது. எந்த மரபணு கெட்டதால் அப்படி என்று தேடுவதுதான் எனக்கும் என் தோழிக்கும் ஆராய்ச்சி. பெங்களூரில் நான் ஒக்கலிபுரம், அவள் அடுகோடி. அப்பா இல்லாத அவள் வீட்டில், லேத் பட்டறை வைத்திருந்த அண்ணன் சொல்வதுதான் சட்டம்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. குஞ்சுகள் சோதனைக்குத் தயாராகிவிட்டதால், வீட்டில் சொல்லாமல் ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

"வந்தவங்க பஜ்ஜி தின்னுட்டுப் போகட்டும்டி" என்று சிரித்தாள்.

நுண்ணோக்கியில் பார்த்தோம். நாலில் ஒரு பங்கு குருடு. அப்படியென்றால் இவற்றை ஈன்ற ஜோடி, தனக்குப் பார்வை இருந்தும், அந்தக் கோளாறைச் சுமக்கிறது. மாதக்கணக்காக நாங்கள் தேடிய ஜோடி. அதைத் தனியே எடுத்து வைக்கப் பக்கத்து மீன் அறைக்குப் போனோம். பின்னாலேயே அவள் அண்ணன் வந்தான்.

"எல்லார் முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டு இங்க மீன் மேய்க்கிறியா?"

பின்னலைப் பிடித்து இழுத்தான். அவள் நெற்றி இரும்பு அலமாரியில் மோதியது. அலமாரி சாய்ந்து கண்ணாடித் தொட்டிகள் தரையில் சிதறின. துள்ளிய மீன்களைச் செருப்புக் காலால் நசுக்கினான்.

"விடுங்கண்ணா!" என்று குறுக்கே போனேன்.

"நீ யாரும்மா நடுவுல?" என்று முகத்தில் குத்தினான். வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் நாக்கில் கிடந்தது. கையில் அகப்பட்ட இரும்புக் கம்பியால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. எனக்குப் பயம் வரவில்லை. இன்னும் அடிக்க வேண்டும் போலிருந்தது. தோளில் அடித்தேன். மறுபடி ஓங்கியபோது அவள்தான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"போதும்டி, செத்துருவான்."

"ஏனாய்து மேடம்?" என்று கன்னடத்தில் என்ன ஆச்சென்று கேட்டபடி ஓடிவந்த வாட்ச்மேன், தரையைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா மகனின் மாவுக்கட்டைத் தடவிப் பார்த்தாள். பிறகு நேராக வந்து மகளை அறைந்தாள். நெற்றித் தையல் பிரிந்து ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்காமலே அவள் சொன்னாள்: "நான் இனிமே வீட்டுக்கு வரலம்மா."

இரு தரப்பும் புகார் கொடுக்கவில்லை. அவள் ஹாஸ்டலில் சேர்ந்தாள். நசுங்கிய மீன்களில் அந்த ஜோடியும் இருந்தது. நுண்ணோக்கி இருந்த அறையில் தப்பிய குஞ்சுகளில் பார்வையுள்ளவற்றை வளர்த்து, அவற்றில் கோளாறைச் சுமப்பவற்றைக் கண்டுபிடித்து, வேலையை அவளே முதலிலிருந்து தொடங்கினாள். முடித்தும் காட்டினாள். அண்ணன் கை நேராகவே இல்லை என்று கேள்விப்பட்டோம்.

இப்போதும் அந்தப் பேச்சு வந்தால், "நல்லா அடிச்சடி நீ" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. அவள் பிடித்திருக்காவிட்டால் நான் நிறுத்தியிருக்க மாட்டேன்.