கூப்பிடு தூரம்

எனது இடக்கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒரு வரி எழுதி முடிந்ததோ இல்லையோ, அது தானாகவே போய் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திச் சேமித்துவிடும். நான் வேலை செய்வது பின்லாந்தில், தம்பரே என்ற நகரத்தில், கைபேசிச் செயலிகள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில். இங்கே நாங்கள் எழுதுகிற மென்பொருளில் சேமிப்பதற்கென்று எதையும் அழுத்தத் தேவையில்லை. எழுத எழுத அது தன்பாட்டில் சேமித்துக்கொள்ளும். என் விரலுக்கு அது விளங்குவதில்லை. ஒரு நாள் எனக்குப் பின்னால் இருக்கிற மர்யாத்தா என்ற பெண் எழுந்து வந்து, "நீ அதை நம்பவில்லையா?" என்று கேட்டாள். பின்லாந்துக்காரர் ஒரு கேள்வி கேட்டால், பல கிழமையாக யோசித்துத்தான் கேட்கிறார்கள் என்று அர்த்தம். நான் பதறிப்போய், "எங்கள் வீட்டில் கரண்ட் போகும்" என்றேன். அவள் முகம் சுருங்கியது. திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்துவிட்டாள். அடுத்த நாள் காலை என் மேசையில் ஒரு ரோர்ச் லைற் இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு தாள்: வீட்டுக்காரரிடம் கட்டாயம் முறையிடு, இது உன் உரிமை.

நான் சொன்ன வீடு இங்கே இல்லை என்று எப்படி விளக்குவது? அதற்கு முதலில் யாழ்ப்பாணத்துப் புத்தூரைச் சொல்லவேண்டும், பிறகு நெல்லியடியைச் சொல்லவேண்டும், பிறகு சுகிர்தனைச் சொல்லவேண்டும். கோப்பி இடைவேளை பத்து நிமிடம். "கீட்டோஸ்" என்று நன்றி சொல்லி ரோர்ச்சை மேசை லாச்சிக்குள் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

சுகிர்தன் பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை. அவன் அப்பாவுக்கு ஒரு வள்ளமும் என்ஜினும் இருந்தன. நான் புத்தூர்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரும் நெல்லியடியில் ஒரு வகுப்பில், ஒரே வாங்கில் பக்கம் பக்கமாக இருந்து கணக்குப் படித்தோம். கைபேசிச் செயலி எழுதலாம் என்ற பைத்தியம் இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பிடித்தது. அதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். எழுதுவது, பிழை பார்ப்பது, ஓட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்யத் தருகிற அதற்கு நாங்கள் வைத்த பெயர் பட்டறை. பட்டறையை இணையத்தில் இறக்குகிற அளவுக்கு எங்கள் ஊரில் இணையம் இருக்கவில்லை. சுகிர்தன் யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய், தெரிந்த ஒருவரின் அலுவலகத்தில் இரண்டு நாள் காத்திருந்து, பென்டிரைவில் கொண்டுவந்தான். மினிபஸ்ஸில் யாரும் தட்டிவிடுவார்களோ என்று வழி முழுக்க அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்தானாம். இறங்கி வந்து கையை விரித்தபோது அது வியர்வையில் நனைந்திருந்தது.

இருந்தது ஒரு மடிக்கணினி, அதுவும் பற்றரி செத்தது. சுவரில் செருகியிருந்தால்தான் உயிர். ஆகவே அவன் வீட்டு முன்னறையில் வேலைப் பங்கீடு இப்படி: நான் தட்டெழுதுவேன், அவன் மின்விசிறியைப் பார்ப்பான். எங்கள் பக்கத்தில் கரண்ட் போகுமுன் சில நேரம் மின்விசிறி களைக்கும். அதைக் கண்டவுடன் அவன் கத்துவான்.

"மச்சான், ஃபான் ஓயுது! சேவ் அடி, சேவ் அடி!"

அடுப்படியிலிருந்து, நான் அன்ரி என்று கூப்பிடும் அவன் அம்மாவும் சேர்ந்து கத்துவார். "தம்பி, லைற் மங்குது! அடிச்சிட்டீரே?" சேவ் என்றால் என்னவென்று அன்ரிக்குத் தெரியாது. எதையோ அடிக்கவேண்டும், அடிக்காவிட்டால் இந்தப் பெடியள் தலையில் கைவைத்துக்கொண்டு இருப்பார்கள் என்று மட்டும் தெரியும். என் விரலின் வியாதி அப்படித் தொடங்கியது.

பட்டறைக்குள் ஒரு பொய்க் கைபேசி இருந்தது. நாம் எழுதியதைத் திரையிலேயே ஓட்டிப் பார்க்க உதவுவது. எங்கள் மடிக்கணினியில் அது திறந்து முடிவதற்குள் அன்ரி ஒரு கறி வைத்து இறக்கிவிடுவார். அதனால் அன்ரியின் உண்மையான கைபேசியை இரவல் வாங்கி வயரில் மாட்டினோம். வயரின் வாய் தளர்வு. ஒருவர் அதைச் சரியான சரிவில் பிடித்தபடி இருக்கவேண்டும். அதுவும் சுகிர்தனின் வேலை. ஒரு கையில் கைபேசி, கண் மின்விசிறியில்.

முதல் தடவை பட்டறை எங்களை மூன்று நாள் அலைக்கழித்தது. எதை ஓட்டினாலும் சிவப்பெழுத்தில் பிழை. வரி வரியாகப் பார்த்தோம், எழுதியது சரி. நாலாம் நாள்தான் கண்டுபிடித்தோம். புதிதாக ஒன்றைத் தொடங்குகிறோமே என்று சுகிர்தன் கோப்புறையின் பெயருக்கு முன்னால் பிள்ளையார் சுழி போட்டிருந்தான். கோப்புறையின் பெயரில் தமிழ் எழுத்து இருந்தால் அந்தப் பட்டறை மறுத்துவிடும். சுழியை எடுத்தவுடன் ஓடியது. சுகிர்தன் மட்டும் சமாதானமாகவில்லை.

"பிள்ளையாரை வெளியிலை விட்டிட்டு என்னண்டு தொடங்கிறது?"

"உது மிசினடா. அதுக்குப் பிள்ளையாரைத் தெரியாது."

"உனக்குத் தெரியுந்தானே?"

கடைசியில் வழி கண்டுபிடித்தான். இரண்டு சாய்கோடு போட்டு எழுதுகிற வரியை இயந்திரம் வாசிக்காது. அது மனிதருக்கான குறிப்பு. ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் இரண்டு சாய்கோடு போட்டு, பக்கத்தில் "உ" என்று எழுதினான். பிள்ளையார் உள்ளே வந்துவிட்டார், பட்டறையும் முறைக்கவில்லை.

அந்தப் பழக்கமும் எனக்குத் தொற்றிக்கொண்டது. இங்கே வந்த புதிதில் அலுவலகக் கோப்பொன்றில் என்னை அறியாமல் சுழி போட்டுவிட்டேன். அதைச் சரிபார்த்த மர்யாத்தா, சுழியை 2 என்று வாசித்து, "இது இரண்டாம் கோப்பென்றால் முதலாம் கோப்பு எங்கே?" என்று கேட்டு எழுதியிருந்தாள். வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிட்டு, தவறுதலாக விழுந்த எழுத்து என்று பதில் போட்டேன்.

நாங்கள் செய்த செயலியின் பெயர் கரை. அதில் ஒரேயொரு பொத்தான். கடலுக்குப் போனவர் கரைக்கு வந்ததும் அழுத்தினால் வீட்டிலிருக்கிற கைபேசியில் மணி அடிக்கும், அவ்வளவுதான். சுகிர்தனின் அப்பா பின்னேரம் வெளிக்கிட்டால் விடியத்தான் வருவார். காற்று மாறினால் வேறு துறையில் ஏறுவார். அன்ரி வழக்கமான இடத்தில் போய் நிற்பார். ஒரு முறை வெயில் ஏறி மத்தியானம் ஆகும்வரை நின்றதை நானே கண்டேன். அவர் அழவில்லை, கதைக்கவுமில்லை, கடலைப் பார்த்தபடி நின்றார். அந்த நிலையைப் பார்த்துத்தான் கரையைச் செய்யத் தொடங்கினோம்.

முதல் கரையில் ஒரு பிழை இருந்தது. பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணை, வந்தவுடன் சோறு சுடச்சுட இருக்கவேண்டும் என்பதற்காக, கடலில் வரும்போதே சிக்னல் கிடைத்த இடத்தில் பொத்தானை அழுத்திவிடுவார். ஒரு நாள் அழுத்திய கையோடு என்ஜின் நின்றுவிட்டது. வீட்டில் மணி அடித்தபடியால் ஒருவரும் தேடவில்லை. யாரோ கண்டு இழுத்துவந்து சேர்த்தபோது மத்தியானம். அவர் மனைவி நேரே எங்களிடம் வந்து நின்றார். "உங்கடை மணியை நம்பித்தானே நான் சும்மா இருந்தனான்!" என்று கத்தியவர், பிறகு படியில் இருந்து அழுதார். அவர் போனவுடன் பட்டறையைத் திறந்தோம்.

அன்றே நான் ஒரு நிபந்தனை எழுதினேன். எங்கள் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் வந்தால்தான் பொத்தான் வேலை செய்யும். அதற்கு அப்பால் நின்று அழுத்தினால் ஒரு வசனம் வரும். அது எப்படி இருக்கவேண்டும் என்று அன்ரியிடம் கேட்டோம். கரண்டியும் கையுமாக நின்று அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்: இன்னும் கரை சேரேல்லை. சேர்ந்தாப்பிறகு அழுத்துங்கோ.

பிறகு நான் இங்கே வந்துவிட்டேன். சுகிர்தன் நெல்லியடியில் கணக்கு ரியூசன் கொடுக்கிறான்.

நான் வந்த பிறகு பட்டறை வளர்ந்த வளர்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. பொய்க் கைபேசி இப்போது கண் மூடித் திறப்பதற்குள் திறக்கிறது, ஆகவே கைபேசி பிடித்திருக்க ஆள் வேண்டாம். தானே சேமிக்கிறது, மின்விசிறி பார்க்க ஆள் வேண்டாம். பிழை விட்டால் அந்த இடத்திலேயே கோடு போட்டுக் காட்டுகிறது, தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து "அரைப்புள்ளியை விட்டிட்டாய் மோடா" என்று திட்ட ஆள் வேண்டாம். இப்போது திரையின் வலப்பக்கத்தில் ஓர் இயந்திர உதவியாளன் வந்து குந்தியிருக்கிறான். எதைக் கேட்டாலும் எழுதித் தருகிறான், சலிப்பதில்லை, திட்டுவதுமில்லை. நல்லதுதான், நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பும் என் பக்கத்துக் கதிரையிலிருந்து ஓர் ஆளை எழுப்பி அனுப்பியிருக்கிறது. சில நாள் காலையில் "மொய்" என்று வணக்கம் சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடும். ஊரில் இருப்பவர்கள் இதை வாசித்து, வெளிநாட்டில் இருந்துகொண்டு இவனுக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். எனக்குத் தனிமையாக இருக்கிறது. வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. என்னைப்போல் வந்தவர்களுக்கு இது விளங்கும்.

மாரி தொடங்கும்போது சுகிர்தன் அழைத்தான். அன்ரியின் பழைய கைபேசி கிணற்றடியில் விழுந்து உடைந்துவிட்டதாம். புதியது வாங்கினால் அதில் கரை ஏறவில்லை. பழைய பட்டறையில் செய்ததைப் புதிய கைபேசிகள் ஏற்காது, புதிய பட்டறையில் திரும்பக் கட்டவேண்டும்.

"மச்சான், நீதான் செய்யவேணும். நான் வயர் பிடிச்சவன்தானே. எனக்கு என்ன தெரியும்?"

"இந்தச் சனி செய்யிறன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு அழைத்தான். "அடுத்த சனி" என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அழைத்தான். வேலை கூடிப்போச்சு என்றேன், தடிமனும் காய்ச்சலும் என்றேன். உண்மையை இங்கே எழுதிவிடுகிறேன். அது இரண்டு நாள் வேலை. எனக்கு நேரம் இருந்தது, சனிக்கிழமைகளில் எனக்கு நேரத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. வேலை முடிந்துவிட்டால் சுகிர்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கமாட்டான். ஊரில் என்னால் மட்டும் ஆகவேண்டிய காரியம் என்று அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. அதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

போன ஞாயிறு அழைப்பு வரவில்லை. பின்னேரம்வரை பார்த்திருந்துவிட்டு நானே எடுத்தேன்.

"ஓ, கரையோ? செய்தாச்சு மச்சான்" என்றான் சுகிர்தன்.

"ஆர் செய்தது?"

"நான்தான். புதுப் பட்டறையிலை ஒருத்தன் இருக்கிறானெல்லே, அவனைக் கேட்டுக்கேட்டுச் செய்தனான். தமிழிலை கேட்டாலும் விளங்குது. ஒரு கிழமை பிடிச்சுது."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"நீ பிசிதானே. சும்மா உன்னை ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு விட்டிட்டன். அப்பா அண்டைக்கு வேறை துறையிலை ஏறினவர். அம்மா மழைக்குள்ளை போய் நிண்டு காய்ச்சலாக்கிப்போட்டா. அதுதான் இனிப் பார்க்கேலாது எண்டு இருந்து செய்தனான்."

அவன் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னால் அன்ரியின் குரல் கேட்டது. "ஆர், தம்பியோ? சுகமே அப்பன்? நேற்று விடிய மணி அடிச்சது. நீர் செய்து தந்ததெல்லே, நல்லா வேலை செய்யுது!"

"இல்லை அன்ரி, இந்தமுறை நான் செய்யேல்லை" என்றேன். "செய்யிறன் செய்யிறன் எண்டு ஏமாத்திப்போட்டன்."

"அதுக்கென்ன, ஆர் செய்தாலும் நீங்கள் ரெண்டுபேரும்தானே" என்றார் அன்ரி. அவருக்கு இருமல் வந்தது. கைபேசி திரும்பவும் சுகிர்தனிடம் போனது.

"நீயும் ஒருக்கால் பாரன்" என்று அவன் புதிய கரையையும் அதன் மூலக் கோப்புகளையும் அனுப்பிவைத்தான். கோப்பைத் திறந்தேன். நான் எழுதியவை ஏறக்குறைய எல்லாம் போயிருந்தன. புதிய முறையில், சுருக்கமாக, என்னைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது. முதல் வரியில் மட்டும் இரண்டு சாய்கோடும் "உ"வும் அப்படியே இருந்தன.

"இதை அவன் எடுக்கச் சொல்லேல்லையோ?"

"கேட்டவன். தேவையில்லாத எழுத்தொண்டு கிடக்கு, அழிக்கட்டோ எண்டு. கைவைக்காதை எண்டு சொல்லிப்போட்டன்."

மர்யாத்தாவுக்கு நான் எழுதிய பதில் நினைவுக்கு வந்தது. அவனுக்கு அதைச் சொல்லவில்லை.

"சரி, அழுத்திப் பார். உன்ரை நம்பரையும் போட்டிருக்கிறன். அடிச்சால் அம்மான்ரை போனிலை மணி அடிக்கும்" என்றான்.

யன்னலோரம் போய் நின்றேன். என் அறைக்குக் கீழே ஒரு பெரிய ஏரி இருக்கிறது. இந்த நாட்களில் அது உறைந்து, மேலே பனி கொட்டி, நிலமும் நீரும் ஒரே வெள்ளையாகக் கிடக்கும். கரை எது என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். நாயோடு ஒருவர் அதன்மேல் நடந்துபோனார்.

பொத்தானை அழுத்தினேன். அந்தப் பக்கத்தில் மணி அடிக்கவில்லை. என் திரையில், கரண்டியும் கையுமாக நின்று அன்ரி சொன்ன வசனம் வந்தது.

இன்னும் கரை சேரேல்லை. சேர்ந்தாப்பிறகு அழுத்துங்கோ.

"என்ன மச்சான், ஒண்டும் கேக்கேல்லை?" என்றான் சுகிர்தன். கொஞ்சம் பொறுத்து அவனுக்கே விளங்கியது. "அட, தூரமெல்லே! நீ எழுதினதை அப்படியே வைச்சிருக்கிறன். உனக்கு மட்டும் அதை எடுத்துவிடட்டோ? ரெண்டு நிமிச வேலை."

"வேண்டாம்" என்றேன். "கிடக்கட்டும்."

மேசைக்குத் திரும்பினேன், அவன் அனுப்பிய கோப்பு திறந்தபடி இருந்தது. அப்போதும் என் இடக்கை போய் அந்த இரண்டு விசைகளையும் அழுத்தியது.