கட்டாமல் விட்ட கம்பி

1986-ஆம் வருஷம், பிப்ரவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரி. என் சிநேகிதன் ரங்கமன்னாரின் வலது காலைப் பற்றிச் சொல்ல டாக்டர் வெளியே வந்தார். எலும்பைச் சேர்த்தாயிற்று, ஆனால் பாதம் சில்லிட்டுக் கிடக்கிறது, ரத்தம் இறங்கவில்லை, சாயங்காலம் வரை பார்ப்போம், சரியாகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்றார். மன்னாரின் மனைவி கோதை அப்படியே சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். அவன் காலை அந்தக் கதிக்குக் கொண்டுவந்தவன் நான்தான் என்பது அங்கே எனக்கு மட்டுமே தெரியும்.

விசுவாசிகளே, இந்தச் சம்பவத்தை நான் சபையில் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறேன். அந்தப் பாதிக்கே நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள், கை கொடுத்தீர்கள். இப்போது மீதியையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் பெயர் ஞானராஜ். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தேன். மன்னார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தான். அவன் என்னைவிட வேகமாக ஓட்டுவான். இரண்டு பேருக்கும் மோட்டார் சைக்கிள் ரேஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். மில்லில் ஷிப்ட் முடிந்ததும் நேரே அவன் பட்டறைக்குப் போவேன். அவன் சிலிண்டரைக் கடைந்து கொடுப்பான், நான் எஞ்சினைப் பூட்டுவேன். விடிகாலையில் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம். சிமெண்டு லாரிகள் வர ஆரம்பிப்பதற்குள் திரும்பிவிட வேண்டும்.

ரேஸ் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நடக்கும். அது எங்கள் அம்மாவுக்குப் பெரிய மனக்கஷ்டம். ஆராதனை நேரத்தில் பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று யாரிடம் சொல்வாள்? கடைசியில் எனக்கும் அவளுக்கும் ஒரு உடன்படிக்கை ஆயிற்று. சபைக்கு வராத ஒவ்வொரு ஞாயிறும் வண்டிப் பக்கத்தில் முழங்கால் போட்டு ஜெபம் பண்ண வேண்டும். சபையில் ஜெபித்துக் கொடுக்கிற ஜெப எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து டாங்கில் தொட்டு வைக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னக் குப்பியும் கொடுத்துவிட்டாள்.

"கூப்புட்ட ஒடனே ஓடிராத. முழங்கால் போட்டுட்டுத்தான் ஏறணும், கேட்டியா" என்பாள்.

அதை நான் ஒருநாளும் மீறியதில்லை. மன்னார் கேலி பண்ணுவான்.

"ஏலே, பெட்ரோல்ல ஒரு எண்ணெய், கியர்ல ஒரு எண்ணெய், டாங்குல ஒரு எண்ணெய். எண்ணெய்க் கடை தோத்துச்சு போ."

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். எஞ்சினுக்கு அடியில் கியர் ஆயிலை இறக்குவதற்கு ஒரு போல்ட் இருக்கும். ரேஸ் வண்டி அதிர்கிற அதிர்ச்சியில் அது கழன்றுவிடும். கழன்றால் ஆயில் ரோட்டில் கொட்டும், பின்னால் வருகிறவன் விழுவான். அதனால் அந்தப் போல்ட்டின் தலையில் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டிவிடுவோம். லாக் வயர் என்று சொல்வோம். அது கட்டாத வண்டியைக் களத்துக்குள் விட மாட்டார்கள். காலையிலேயே குனிந்து பார்த்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் நடந்த ரேஸ் எங்களுக்குச் சாதாரண ரேஸ் இல்லை. ஒரு மோட்டார் கம்பெனி தன் டீமுக்கு ஓர் ஆள் எடுக்க வந்திருந்தது. ஒரே ஓர் ஆள்தான். எடுத்துவிட்டால் வண்டி கம்பெனி கொடுக்கும், ஊர் ஊராக அனுப்பும், மில்லுக்குப் போக வேண்டாம், ரேஸ் ஓட்டுவதே உத்தியோகம். அது எனக்குக் கிடைக்கும் அல்லது மன்னாருக்குக் கிடைக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

காலைப் பரிசோதனை முடிந்தது. ஒத்திகை ஓட்டத்தில் கியர் இறுக்கமாக விழுந்தது. மத்தியானம் கம்பியை வெட்டி, போல்ட்டைக் கழற்றி, ஆயிலை மாற்றினேன். போல்ட்டைத் திரும்பப் பூட்டிவிட்டுப் புதுக் கம்பியை எடுக்கும்போது மைக்கில் கூப்பிட்டார்கள். எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வந்தது. கம்பியையும் குறட்டையும் டூல் பெட்டி மேல் வைத்தேன். குப்பியை எடுத்தேன். டாங்கில் எண்ணெய் தொட்டு வைத்து, முழங்கால் போட்டு, ஆண்டவரே, என்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவாரும் என்று ஜெபித்தேன். எழுந்தேன். ஹெல்மெட்டை மாட்டினேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்பதாவது சுற்றில் நான் முதலில் போய்க்கொண்டிருந்தேன். மன்னார் என் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தான். இடதுபக்க வளைவில் என் பின்சக்கரம் ஒரு தடவை வழுக்கியது, சமாளித்துவிட்டேன். நம் கைப்பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றில் அதே இடத்தில் மஞ்சள் கொடி ஆட்டினார்கள். மன்னாரின் வண்டி ஓரத்தில் கிடந்தது. அவனைச் சுற்றி ஆட்கள் குனிந்து நின்றார்கள்.

ரேஸை அத்தோடு நிறுத்தினார்கள். நான்தான் ஜெயித்தேன் என்றார்கள். வண்டியை எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபோது டூல் பெட்டி மேல் ஜெபக் குப்பி இருந்தது. பக்கத்தில் கம்பி இருந்தது. நான் வைத்த மாதிரியே இருந்தது.

குனிந்து பார்த்தேன். போல்ட் பாதி கழன்று தொங்கிற்று. எஞ்சின் அடிப்பாகம் முழுக்க ஆயில். எல்லாரும் மன்னார் கிடந்த பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் போல்ட்டை முடுக்கினேன். கம்பியைக் கோத்து முறுக்கிக் கட்டினேன். துணியை எடுத்து ஆயிலைத் துடைத்தேன். அதற்குப் பிறகுதான் மன்னாரைப் பார்க்க ஓடினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த வரிசையில்தான் செய்தேன்.

ஏதோ ஒரு வண்டியிலிருந்து ஆயில் சிந்தியிருக்கிறது, எந்த வண்டி என்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே ஒரு மூலை இருந்தது, அங்கே போனேன். கட்டிலும் சக்கர நாற்காலியும் உடைந்து கிடந்தன. நடுவில் முழங்கால் போட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் இருந்தது.

"ஆண்டவரே, அந்தக் காலை எடுக்காம விட்டுரும். அவன் கண்ணு முழிச்சதும் உள்ளதை உள்ளபடி சொல்லிருதேன்."

இதுதான் நான் பண்ணின ஜெபம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதையே மத்தியானம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நாலரை மணி சுமாருக்குக் கோதை என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, வந்து தொட்டுப் பாருங்க. அவுக பாதம் சுடுது."

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எடுக்க வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். கோதை ஆண்டாளுக்கு நேர்ந்திருந்தாளாம். இதைச் செய்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுக்கும் சந்தேகம் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஆண்டவர் தம் பங்கை ஒரே பகலில் முடித்துவிட்டார். என் பங்குக்கு நாலு வருஷம் ஆயிற்று.

மன்னார் கண் விழித்ததும் என்னைத்தான் கேட்டான். நான் போய் நின்றேன். உடம்பு தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். தேறியது. ஊருக்குப் போகட்டும் என்று நினைத்தேன். போனான். அதற்குள் கம்பெனிக் கடிதம் எனக்கு வந்துவிட்டது. கால் பிழைத்ததே தவிர அவனுக்கு முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. பிரேக் மிதி வலது காலில். அதனால் அவனுடைய ரேஸ் அத்தோடு முடிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தபடி லேத் ஓட்டினான்.

நான் மில்லை விட்டேன். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஓட்டினேன். கம்பெனிச் சட்டையில் என் பெயர் போட்டிருக்கும். ஊருக்கு வரும்போதெல்லாம் மன்னார் பட்டறையில் யாரிடமாவது "நம்ம ஞானம்" என்று என்னைக் காட்டுவான். சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஆயில் கொட்டிய வளைவில் கர்த்தர் என்னை விழாமல் தாங்கினார் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அதனால்தான் அத்தனை தடவை சொல்ல முடிந்தது.

1990-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். மைதானத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன், கடைசி வரிசையில் காலை நீட்டிக்கொண்டு மன்னார் உட்கார்ந்திருந்தான். நம்ம ஞானம் பேசுகிறான் என்று கேட்க வந்திருக்கிறான். பாதியில் நிறுத்த முடியாது. வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன்.

கூட்டம் கலைந்ததும் நொண்டிக்கொண்டே வந்தான்.

"நல்லாத்தாம்ல பேசுத. ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அந்த எண்ணெய் மேல நீயுந்தான் போன, நானுந்தான் வந்தேன். ஒங்க ஆண்டவரு உன்னையத் தாங்கிட்டு என்னைய ஏம்ல கீழ போட்டாரு?"

அவன் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சாட்சியை நாலு வருஷமாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாளைக்கு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்திலேயே சொன்னேன்.

"அது என் வண்டி எண்ணெய் மன்னாரு. வயரு கட்ட மறந்துட்டேன். ஜெபம் பண்ணிட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிட்டேன்."

லேத்தை நிறுத்தினான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னைக்கே. வந்து பாத்தேன். பொறவு கட்டிட்டேன்."

"ஆஸ்பத்திரியில எட்டு நாளு எம் பக்கத்துலயே இருந்தியே."

"ஆமா."

"கோதை போட்டுக் குடுத்த காப்பியக் குடிச்சியே."

"ஆமா."

"போயிரு ஞானம்."

போய்விட்டேன். ஏழு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. வழியில் பார்த்தால் மறு பக்கம் போனான். நான் நடந்ததைக் கம்பெனி மேனேஜரிடமும் சொன்னேன். பழைய கதை, விடு என்றார். ஆனால் என் ஓட்டம் விட்டுப்போயிற்று. வளைவு வரும்போதெல்லாம் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. அந்த வருஷக் கடைசியில் கம்பெனி என்னை டீமிலிருந்து நீக்கிவிட்டது. நியாயம்தான். ராஜபாளையத்தில் ஒரு ஷெட்டைப் பிடித்து, பழைய வண்டி ஒன்றை வாங்கி, சொந்தமாக ஓட்டலாம் என்று ஆரம்பித்தேன்.

ஏழு மாதமும் தினமும் ஜெபித்தேன். ஜெயிக்க வேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மன்னார் என்னிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும், திட்டினாலும் சரி என்று கேட்டேன். பதில் வராத மாதிரிதான் இருந்தது. என் மனைவி எஸ்தர் ஒருநாள் சொன்னாள்: "நீங்க சொல்லவே நாலு வருஷம் ஆச்சு. அவிய மன்னிக்க ஒரு வருஷம் கூடவா குடுக்க மாட்டிய?" அதற்குப் பிறகு அவசரப்படுவதை விட்டேன்.

1991 ஜனவரி. மறுநாள் ரேஸுக்குக் கிளம்ப வேண்டும். காலை பத்து மணி இருக்கும். ஷெட் வாசலில் நிழல் தட்டியது. மன்னார் நின்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறான். உள்ளே வந்து, மரப்பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு, கெட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எஞ்சினுக்கு அடியில் கையை விட்டு அந்தப் போல்ட்டைத் தடவிப் பார்த்தான். நான் கட்டியிருந்த கம்பியைக் குறட்டால் வெட்டி எறிந்தான். தன் சட்டைப்பையிலிருந்து புதுக் கம்பியை எடுத்தான்.

"இனிமே இந்த வேலைய நீ பாக்காத. நீ ஜெபம் பண்ணு. வயர நான் கட்டுதேன்."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஐந்து வருஷத்து அழுகை. அவன் நிமிர்ந்து பார்க்காமல் முறுக்கிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் ரேஸ் ஓட்டினேன். பெரிதாக ஒன்றும் ஜெயிக்கவில்லை. ஒரு தடவை மூன்றாவதாக வந்தேன். ஒவ்வொரு ரேஸுக்கும் மன்னார் கூடவே வந்தான். நான் முழங்கால் போடுவேன், அவன் கம்பி கட்டுவான். இரண்டு பேரும் ஒரே உயரத்தில்தான் இருப்போம். அவன் இன்றைக்கும் கோவிலுக்குப் போகிறவன், நான் சபைக்குப் போகிறவன். இப்போது அவன் பட்டறையை ஒட்டியே என் மெக்கானிக் கடை. என் தேவன் நான் கேட்ட இரண்டையும் கொடுத்தார், காலையும் கொடுத்தார், ஆளையும் கொடுத்தார். நான் தகுதியில்லாதவன். இதை மனதாரச் சொல்கிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது ஆபத்தில் ஆண்டவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு, ஆபத்து நீங்கியதும் அதைப் பேசாமல் மூடிவைத்திருக்கலாம். போய்ச் சொல்லிவிடுங்கள். சொன்னதும் எல்லாம் நேராகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். கதவைச் சாத்துவார்கள். அந்தக் கதவுக்கு வெளியேயும் ஜெபம் கேட்கப்படும், நம்புங்கள்.

எழுதி முடித்ததும் மன்னாரிடம் படித்துக் காட்டினேன். அவனைப் பற்றியது, அவன் சம்மதம் வேண்டும் அல்லவா? லேத்தை நிறுத்திவிட்டுக் கடைசி வரை கேட்டான்.

"எல்லாம் சரியாத்தாம்ல இருக்கு. நான் உன்னையவிட வேகமா ஓட்டுவேன்னு நடுவுல ஒரு எடத்துல எழுதியிருக்கியே, அத மட்டும் இன்னும் கொஞ்சம் மேல போடு."

அவன் சொன்னபடியே அவனை அறிமுகப்படுத்தின இடத்துக்கு ஏற்றிவிட்டேன்.