சாம்பசிவமும் சத்தம் போடாத காரும்

திருநெல்வேலி டவுணில் சாம்பசிவம் வீடு எது என்று கேட்டால், "எந்தச் சாம்பசிவம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஜானவாசம் சாம்பசிவம் என்று சொல்லிவிட்டால் போதும், கேட்டவரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் வாசலில் விட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு மாட்டி, திறந்த காரில் உட்காரவைத்து, முன்னால் நாதஸ்வரமும் இருபுறமும் காஸ் லைட்டுமாக ரத வீதிகள் வழியே மண்டபத்துக்கு அழைத்துவருவதற்குத்தான் ஜானவாசம் என்று பெயர். அந்தத் திறந்த கார் சாம்பசிவத்துடையது. ஓட்டுவதும் அவரே. பகல் வேளைகளில் அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சூப்பிரண்டாகவும் இருந்தார். ஆனால் அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் சேர்க்கத் தகுந்த சங்கதியாக அவரே நினைத்ததில்லை.

காரை வேகமாக ஓட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மெதுவாக ஓட்ட, ஜில்லாவில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. தவில்காரரின் நடைக்கு ஒரு விரற்கடை பின்னால் கார் வரவேண்டும். நாதஸ்வரக்காரர் மந்திரமூர்த்தியின் வலது தோள் லேசாக ஏறினால் ராகம் பிடிக்கப் போகிறார் என்று அர்த்தம். உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்தக் கிழட்டு எஞ்சின் அணைந்துபோகும். அதனால் சாம்பசிவத்தின் வலது கால் சும்மா இருக்காது. உர்ர்... உர்ர்... என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து எஞ்சினை உயிரோடு வைத்திருக்கும். தெற்கு ரத வீதி திரும்புவதற்குள் ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பும். அந்த ஆவியைச் சாம்பிராணிப் புகையோடு சேர்த்து ஊர் மங்களகரமாக ஏற்றுக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளை எரிஞ்சி போயிருவாரு போலுக்கே" என்று மந்திரமூர்த்தி மட்டும் முணுமுணுப்பார். அவருக்கு மங்களத்தில் நம்பிக்கை குறைவு.

இந்தக் கார் மாமனார் கொடுத்தது. மாமனாருக்கு மாப்பிள்ளைகள் இரண்டு பேர். மூத்த மாப்பிள்ளைக்குக் கார் வந்தது. இளைய மாப்பிள்ளை சுந்தர்ராமனுக்குச் சுவர்க்கடிகாரம் வந்தது. தச்சநல்லூரிலிருந்து சுந்தர்ராமன் வரும்போதெல்லாம் வாசலில் நிற்கும் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அந்தப் பார்வை சாம்பசிவத்துக்கு டானிக் மாதிரி. இருபது வருஷம் அவர் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நம்ப இடமிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அந்த டானிக் நின்றுபோயிற்று. செய்தியைக் கொண்டுவந்தவள் மனைவி சுப்புலக்ஷ்மி.

"சுந்தர்ராமன் பழைய ஹெரால்டு கார் ஒண்ணு வாங்கியிருக்காராம். அதைப் பேட்டரியில ஓட்டப்போறாராம்."

"எல்லாக் காருலயும்தான் பேட்டரி இருக்கு" என்றார் சாம்பசிவம், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பெட்ரோலே வேண்டாமாம். ராத்திரி ப்ளக்கைச் சொருகிட்டாக் காலம்பற ஓடுமாம். மிக்ஸி மாதிரி."

பேப்பர் கீழே இறங்கியது.

சுந்தர்ராமன் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் எஞ்சினியராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர். சும்மா இருக்கிறவனைக் கண்டு பொறாமைப்பட முடியாது என்று நிம்மதியாக இருந்த சாம்பசிவம், அந்த ஞாயிற்றுக்கிழமையே தச்சநல்லூருக்கு டவுண் பஸ் ஏறினார். ஷட்டகர், அதாவது மைத்துனியின் புருஷன், செய்கிற முட்டாள்தனத்தைக் கண்ணால் கண்டு தடுப்பது ஒரு மூத்த மாப்பிள்ளையின் கடமை.

கிணற்றடிக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை. அதில் ஹெரால்டு நின்றது. முன்பக்கம் முழுவதும் திறந்து கிடக்க, எஞ்சின் வெளியே தென்னை மரத்தில் கட்டிய சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அசன் முகம்மது அதன் அடியில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க சாமி! ஆப்பரேஷன் முடிஞ்சிட்டு. இனி உயிர் குடுக்கதுதான் பாக்கி."

"உயிர் வருமா?" என்று கேட்டார் சாம்பசிவம். குரலில் கவலை இருந்தது. எந்தப் பக்கத்துக் கவலை என்று அசன் முகம்மதுக்கு விளங்கவில்லை.

எஞ்சின் இருந்த இடத்தில் உட்காரப் போவது மில்லில் பஞ்சுப் பொதி இழுத்த பேட்டரி வண்டியின் மோட்டார். வண்டியைக் கழித்துக்கட்டியபோது சுந்தர்ராமன் மோட்டாரை மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். மோட்டாரின் தண்டையும் கியர்பாக்ஸின் தண்டையும் ஒன்றோடொன்று பிசகில்லாமல் இணைக்க ஒரு கனத்த இரும்புத் தகடு வேண்டும். அதைக் கடைசல் பட்டறையில் கொடுத்தால் ஒரு மயிரிழை தப்பும், மறுபடி கொடுப்பார்கள், மறுபடி தப்பும். தகடு தப்பிய வாரங்களில் சாம்பசிவத்துக்கு நல்ல பசி எடுத்தது. "பைய செய்யலாம் ஓய், என்ன அவசரம்" என்று ஷட்டகருக்கு ஆறுதல் சொல்லி, இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தகடு பொருந்தியது. அன்றைக்குக் காபி இறங்கவில்லை.

அடுத்து லாரி பேட்டரிகள் வந்து இறங்கின. முன்னால் கொஞ்சம், டிக்கியில் கொஞ்சம், பின்சீட்டுக்கு அடியில் கொஞ்சம். காரின் பின்பக்கம் கர்ப்பிணிப் பசுவைப்போல் தாழ்ந்து தரையைத் தொட்டது. சாம்பசிவத்தின் முகத்தில் நெடுநாள் கழித்து ஒரு களை வந்தது.

"கனம் தாங்காதே, சுந்தர்ராமா! விட்டுடலாமே. முயற்சி பண்ணினோம்கிற திருப்தி இருக்கோல்லியோ."

"தாங்கும் அண்ணா. பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டையில இன்னொரு தகடு சேர்க்கணும். அப்பறம் மேல் கூரையைக் கழட்டிட்டாக் கனம் குறையும்."

"கூரையைக் கழட்டறதா? கார் ஓய் அது, டிபன் கேரியர் இல்லை."

"இந்தக் காருக்குக் கூரை போல்ட்டுலதான் நிக்கறது. கழட்டினா அப்படியே தனியா வந்துடும்." சொல்லும்போதே சுந்தர்ராமனும் அசன் முகம்மதுவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். கூரை, ஏதோ அதற்காகவே காத்திருந்ததுபோல், வந்துவிட்டது.

சாம்பசிவம் பார்த்தார். பின்சீட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திறந்த கார்! ஒரு மாப்பிள்ளை தாராளமாக உட்காரலாம். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழனும் உட்காரலாம். அவருக்கு நெஞ்சுக்குள் ரேடியேட்டர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

வெள்ளோட்டம் பார்க்க அக்கம்பக்கமெல்லாம் கூடியது. சுந்தர்ராமன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. சாம்பசிவம் கைகளைக் கட்டிக் கண்ணை மூடிக்கொண்டு, இரங்கல் கூட்டத்தில் பேசுகிற தொனியில் கேட்டார்: "எப்ப ஸ்டார்ட் பண்ணப் போறேள்?"

"ஓடிண்டிருக்கு அண்ணா" என்ற பதில் தெருமுனையிலிருந்து வந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் தன் காரை அவர் ஸ்டார்ட் செய்து பார்த்தார். அது இருமி, காறி, நீலப் புகையைக் கக்கிவிட்டு உறுமியது. "கம்பீரம்னா இதுதான்" என்றார் சுப்புலக்ஷ்மியிடம். "கொடியில காயற புடவையெல்லாம் கறுத்துப் போறது. கம்பீரத்தை அணைங்கோ" என்றாள் அவள்.

இதுவரை நடந்ததை எந்த மனிதரும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். அடுத்துத்தான் ப்ரீதாவின் கல்யாணம் வந்தது. ப்ரீதா, சுப்புலக்ஷ்மியின் தம்பி மகள். மாப்பிள்ளை சாய்ராமுக்கு மதராஸில் வேலை. இந்தக் குடும்பத்தில் ஒரு ஜானவாசம் என்றால் கார் எது, ஓட்டுவது யார் என்ற கேள்வியே கிடையாது. அதனால் ப்ரீதாவின் அப்பா வந்து எதிரில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, வெற்றிலை போட ஆரம்பித்ததும் சாம்பசிவத்துக்குச் சங்கதி வேறு என்று புரிந்துவிட்டது.

"அத்திம்பேர், தப்பா நினைச்சுக்கப்படாது. மாப்பிள்ளைக்குப் புகை ஒத்துக்காதாம். வீசிங் இருக்காம். அதனால சுந்தரோட கரண்ட் காரை..."

"தாராளமா" என்றார் சாம்பசிவம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவர் பட்ட பாட்டைப் பிரசவம் பார்த்தவர்கள்தான் மதிப்பிட முடியும்.

"ஆனா ஓட்டறது நீங்கதான். மாப்பிள்ளை ஊர்வலம் ஓட்ட சுந்தருக்கு என்ன தெரியும்? போன வாரம் ஒத்திகை பார்த்தோம். மந்திரமூர்த்தியை விட்டுட்டு அவர்பாட்டுக்கு ஜங்ஷன் வரைக்கும் போய்ட்டார்."

எதிரியின் காரை ஓட்டுவதா? ஓட்டாவிட்டால் ஷட்டகர் ஓட்டப் பழகிவிடுவார். அப்புறம் ஜானவாசம் சுந்தர்ராமன் என்று ஊர் சொல்லும். சாம்பசிவம் அந்தப் பெயரை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒத்துக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், கீழ ரத வீதி முக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் ஹெரால்டு மல்லிகைச் சரங்களோடு நின்றது. சுந்தர்ராமன் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக ஒருமுறை பாடம் சொன்னார்.

"செகண்ட் கியர்லயே விட்டுருக்கேன் அண்ணா. கிளச்சைத் தொடவேண்டாம். மிதிச்சா நகரும், காலை எடுத்தா நிக்கும். அவ்வளவுதான்."

"எனக்கே கார் ஓட்டச் சொல்லித் தரேளா ஓய்?"

கார் நகர்ந்தது. என்ன சொல்ல, அது வழுக்கிக்கொண்டு போயிற்று. தவில்காரருக்கு ஒரு விரற்கடை பின்னால், சாம்பசிவத்துக்கு எப்படி வேண்டுமோ அப்படி. இருபது வருஷமாகக் கிழட்டு எஞ்சினோடு மல்லுக்கட்டிக் கற்ற வித்தையை இந்தக் கார் பிறவியிலேயே கற்றுக்கொண்டு வந்திருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. காலுக்குக் கீழே இவ்வளவு சுகம், அதுவும் அவனுடையது! மாடிகளில் நின்ற பெண்கள், "சத்தமே இல்லையேடி!" என்றார்கள். சாய்ராம் மூச்சு முட்டாமல் சிரித்துக்கொண்டு வந்தான். நடைபாதையில் கூட வந்த சுந்தர்ராமன் எல்லாரிடமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார், ஏதோ அவரே மாப்பிள்ளை மாதிரி.

தெற்கு ரத வீதி திரும்பியதும் மந்திரமூர்த்தியின் வலது தோள் ஏறியது. சாம்பசிவம் நிறுத்தினார். நாதஸ்வரக்காரரின் முதுகுக்குப் பின்னால் உறுமல் இல்லை, புகை இல்லை. மந்திரமூர்த்தி சந்தேகத்தோடு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, தன் தொழில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஜானவாசத்தில் ஒரு தோடியை அவசரமில்லாமல் எடுத்தார். தெருவே அசையாமல் நின்றது.

எல்லாம் நின்றது, சாம்பசிவத்தின் வலது காலைத் தவிர. எஞ்சின் சத்தம் காதில் விழவில்லை என்றால் அணையப்போகிறது என்று அந்தக் காலுக்கு இருபது வருஷப் பாடம். அது எசமானைக் கேட்கவில்லை. உர்ர் கொடுப்பதற்காக ஓங்கி ஒரு மிதி மிதித்தது.

உறுமல் வரவில்லை. கார்தான் பாய்ந்தது. மந்திரமூர்த்தியின் பின்புறத்தைப் பம்பர் ஓர் இடி இடிக்க, தோடி இதுவரை எந்த வித்வானும் தொடாத ஓர் உச்சத்தைத் தொட்டுவிட்டு அறுந்தது. அவர் பக்கத்திலிருந்த தவில்மேல் விழுந்தார். பின்சீட்டில் மாப்பிள்ளையின் பூட்ஸ் இரண்டும் ஆகாயத்தைப் பார்த்தன.

"ஏ சாமி! மனுசன் ஊதிக்கிட்டு நிக்கேன், பொறத்தால வந்து என்ன சோலி பாக்குதீய?" என்று எழுந்தார் மந்திரமூர்த்தி. அடி பலமில்லை, கௌரவத்தில்தான் வீக்கம்.

"கரண்ட் வண்டில்லா, தானாப் பாய்ஞ்சிட்டு" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "கரண்டை நம்ப முடியுமாவே?" என்றது இன்னொன்று.

சாம்பசிவத்துக்குக் காதில் தேன் பாய்ந்தது. வாயைத் திறக்கவே வேண்டாம். சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், ஹெரால்டு இன்றோடு ஒழிந்தது. அவர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அதற்குள் சுந்தர்ராமன் ஓடிவந்து காருக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டார். "எல்லாரும் மன்னிக்கணும். தப்பு என்னோடதுதான். பெடல் ஸ்பிரிங்கை இன்னும் கெட்டியா வச்சிருக்கணும். அண்ணா பேர்ல ஒரு குத்தமும் இல்லை. அவர் இல்லேன்னா இன்னும் பெரிசா ஆகியிருக்கும்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. "எப்பேர்ப்பட்ட மனுஷர்!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, எல்லார் காதிலும் விழும்படி. ப்ரீதாவின் அப்பாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சாம்பசிவம் துடித்துப்போனார். கார் போனது, போகட்டும். தெரு போனது, போகட்டும். இப்போது பெருந்தன்மையிலும் இவன்தானா முந்துவது? அதுவும் தன்னுடைய தப்பை எடுத்துக்கொண்டு! சொந்தமாக ஒரு தப்புக்குக்கூட இந்தக் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளைக்கு உரிமை கிடையாதா? அவர் சீட்டின் மேலேயே ஏறி நின்றார்.

"பொய்! ஸ்பிரிங்காவது ஒண்ணாவது! ஸ்பிரிங் நன்னாத்தான் இருக்கு. மிதிச்சது நான்!"

"அண்ணா, விடுங்கோ..."

"நீர் விடும் ஓய்! பழக்கதோஷத்துல உர்ர் குடுத்தேன். பாய்ஞ்சது. தப்பு முழுக்க என்னுது. இதுல யாருக்கும் பங்கு கிடையாது!"

"இல்லண்ணா, டிசைன்லயே..."

"டிசைன் பிரமாதம்!" என்று கத்தினார் சாம்பசிவம். கத்திய பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று அவருக்கு உறைத்தது.

பிறகு மந்திரமூர்த்தி, இடுப்பைத் தடவிக்கொண்டே, "தப்பை ஒத்துக்கிட ஒரு தைரியம் வேணும்லா. சாமி பெரிய மனுசன்தான்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா உடனே தலையாட்டி, "இவர்தான் அவரைவிட..." என்று ஆரம்பித்தாள். சாம்பசிவம் கடைக்கண்ணால் பார்த்தார். சுந்தர்ராமனின் சிரிப்பு ஓரத்தில் கொஞ்சம் புளித்திருந்தது. அந்தப் புளிப்பு எந்த ஜாதிப் புளிப்பு என்று ஜில்லாவிலேயே மிக நன்றாக அறிந்தவர் சாம்பசிவம்தான்.

"நாதஸ்வரம் போகட்டும்!" என்று உத்தரவு போட்டார்.

ஊர்வலம் கிளம்பியது. மந்திரமூர்த்தி முன்னெச்சரிக்கையாகக் காருக்குப் பக்கவாட்டில் நடந்தார். மிதித்தால் நகர்ந்தது, எடுத்தால் நின்றது. வலது காலைச் சாம்பசிவம் அதட்டியே வைத்திருந்தார். மேல ரத வீதியில் மண்டப வாசல் வந்தது. ஆரத்தித் தட்டோடு சுப்புலக்ஷ்மி காத்திருந்தாள். கார் மண்டபத்தைத் தாண்டி நழுவிப் போயிற்று.

"மாமா, மண்டபம் போயிடுத்து" என்றான் சாய்ராம்.

"தெரியும். வடக்கு ரத வீதியையும் பார்த்துடலாம்."

"பசிக்கறது மாமா."

"இன்னொரு சுத்துதான்."

சுந்தர்ராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் ஓடிவந்தார். "அண்ணா, சார்ஜ் தீர்ந்துடும்! நடுத்தெருவுல நின்னுடும்!"

சாம்பசிவம் இரண்டு பக்கத்து மாடிகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.

"அது உம்ம வண்டிப் பிரச்சினை ஓய்" என்றார். வடக்கு ரத வீதிக்குள் பைய திரும்பினார்.